அப்பாவின் நோட்டுகளோடு ஆனைமலையில் ஐந்து நாள்

முதல் நாள், ஆழியாறு

அப்பா போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. போன வாரம் தலைத் திவசம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, பரண் மேல் இருந்த தகரப் பெட்டியை நானும் தம்பியும் இறக்கினோம். உள்ளே மூன்று கட்டை டார்ச் ஒன்று, தோல் உரிந்த பைனாகுலர் ஒன்று, நீள நோட்டுகள் ஏழு. அந்த நோட்டுகளை எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், ஆனால் ஒருநாளும் முழுசாகப் படித்ததில்லை. அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். விடிந்ததும் தம்பியிடம் "அப்பா வேலை செஞ்ச இடத்துக்கெல்லாம் ஒரு தடவை போயிட்டு வரலாம்டா" என்றேன். அவன் மறுபேச்சுப் பேசவில்லை.

அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார். மதகு ஏற்றுவது, இறக்குவது, வாய்க்கால் கரையில் உடைப்பு இருக்கிறதா என்று நடந்து பார்ப்பது, காலையில் அளவுப் பலகையைப் பார்த்து நீர்மட்டத்தை எழுதுவது, இதுதான் அவர் வேலை. அலுவலகப் பதிவேட்டில் எழுதிய எண்ணையே தன் நோட்டிலும் ஒருமுறை எழுதுவார். அதற்குக் கீழே அன்று காட்டில் கண்டதை ஒரு வரி. "68 அடி. செந்நாய் ஐந்து, மான் கன்றைத் துரத்தின." "55 அடி. மழை இல்லை. கரியன் சோலையில் கருமந்தி சத்தம்." அவ்வளவுதான். நாங்கள் பிறந்த நாள்கள்கூட அப்படித்தான் இருக்கின்றன. நான் பிறந்த அன்று: "61 அடி. பெண் குழந்தை. இருவரும் நலம். வரும் வழியில் மலையணில்."

அந்தப் பக்கத்தில் வெகுநேரம் நின்றுவிட்டேன்.

பொள்ளாச்சியில் பேருந்து ஏறினோம். சொந்த வண்டியில் போகலாம் என்று தம்பி ஆரம்பத்தில் சொன்னான். அப்பா ஒருநாளும் பேருந்தைத் தவிர வேறெதிலும் மலை ஏறியதில்லை, அதனால் பேருந்துதான் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அம்மா புளிசாதமும் தேங்காய்த் துவையலும் கட்டிக் கொடுத்தார். அவர் வரவில்லை. "காட்டுக்கும் சேத்துத் தாலி கட்டின மனுசன், நான் எதுக்கு அங்க" என்று முன்பெல்லாம் கோபமாகச் சொல்வார். இந்த முறை அதையே சொன்னபோது குரல் உடைந்துபோனது.

ஆழியாறு அணைக்கரையில் சாயங்காலம் நடந்தோம். 120 அடி அணை, பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. மேற்கே கேரளத்துப் பக்கம் ஓடி அரபிக்கடலில் கலக்க வேண்டிய தண்ணீரை மலைக்குள் சுரங்கம் குடைந்து கிழக்கே திருப்பிய திட்டம் இது. காமராஜர் காலத்தில் தொடங்கியது. கோவை, திருப்பூர் மாவட்டங்களில் நான்கு லட்சம் ஏக்கருக்கு மேல் இந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது. எங்கள் ஊர்த் தென்னந்தோப்புகளில் பாயும் தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா, "இதை நான் மேல இருக்கயிலயே பாத்துட்டேன்" என்பார். சின்ன வயதில் அது எனக்குப் பெரிய மந்திரம் மாதிரி இருக்கும். எங்கேயோ மலைக்குள் அப்பா பார்த்த தண்ணீர் ஒரு வாரம் கழித்து எங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறது!

இரண்டாம் நாள், வால்பாறை

விடியற்காலை முதல் பேருந்து. ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவு வந்ததும் தம்பி என் தோளைத் தட்டினான். பாறை விளிம்பில் மூன்று வரையாடுகள். பேருந்தில் இருந்த யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. எங்கள் இருவருக்கும் மட்டும் கண் கலங்கியது.

இதே வளைவில் அப்பா எங்களை இறக்கிவிட்டு நடக்க வைத்த நாள் நினைவிருக்கிறது. எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஏழு. கட்டைச் சுவர் மேல் உட்கார வைத்து, "பேசாதீங்க, பாறையையே பாருங்க" என்றார். வெறும் பாறைதான் தெரிந்தது. அரை மணி நேரம் கழித்து அந்தப் பாறையிலிருந்து ஒரு துண்டு எழுந்து நடந்தது. அதுதான் நான் பார்த்த முதல் வரையாடு. அதுவரை எங்கள் எதிரேயே படுத்திருந்திருக்கிறது. "அது உங்கள எப்பவோ பாத்துடுச்சு, நீங்கதான் பாக்கல" என்றார் அப்பா.

நம் மாநில விலங்கு என்று பள்ளியில் படிப்போம். உலகத்தில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இது கிடையாது. 2024-ல் எடுத்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 என்று வந்தது. அந்தச் செய்தி வந்த அன்று அப்பா எங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஏதோ பேரன் பாஸான மாதிரி சொன்னார்.

வால்பாறையில் அப்பா வேலை செய்தது கொஞ்ச காலம்தான், சோலையாறு அணைப் பக்கம். மதியம் புதுத்தோட்டம் வரை நடந்தோம். சாலையோர மரங்களில் சோலைமந்திக் கூட்டம். சிங்கவால் குரங்கு என்றால்தான் பலருக்குத் தெரியும். முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி. தேயிலைக்காகக் காடு துண்டு துண்டாகிப் போனதால் இந்தக் கூட்டம் ஒரு துண்டுக் காட்டுக்குள் மாட்டிக்கொண்டு, ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போகச் சாலையில் இறங்க வேண்டியதாகிவிட்டது. வண்டியில் அடிபடாமல் இருக்க மேலே கயிற்றுப் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். ஒரு தாய்க்குரங்கு குட்டியை வயிற்றில் ஒட்டவைத்துக்கொண்டு அந்தப் பாலத்தில் போனதைப் பார்த்தோம். சிலர் வண்டியை நிறுத்தி பிஸ்கட் வீசினார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதற்காகவும் அவை சாலைக்கு இறங்கப் பழகிவிடுகின்றன.

சாயங்காலப் பேருந்தில் பொள்ளாச்சிக்கே திரும்பிவிட்டோம். டாப்சிலிப்புக்கு அங்கிருந்துதான் போக வேண்டும்.

மூன்றாம் நாள், டாப்சிலிப்

சேத்துமடை சோதனைச் சாவடி தாண்டியதும் வாசனை மாறிவிட்டது. காய்ந்த தேக்கிலை, யானைப் பிண்டம், தூரத்தில் எங்கோ எரிந்த புல். அப்பா பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு வரும்போது அவர் காக்கிச் சட்டையில் இருந்த வாசனை இதுதான். தம்பி ஜன்னலோரம் மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். ஒன்றும் பேசவில்லை.

வெட்டிய மரங்களை மலை உச்சியிலிருந்து கீழே சரியவிட்ட இடம் என்பதால்தான் டாப்சிலிப் என்று பெயர் வந்தது. கப்பல் கட்டுவதற்காகப் பம்பாய்க்குப் போன தேக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டி வெட்டியே மலை மொட்டையாகிவிட்டது. அதன் பிறகு வந்தவர்தான் ஹ்யூகோ வுட். 1915-லிருந்து பத்து வருடத்துக்கு மேல் இங்கே வன அதிகாரி. நடக்கும்போது கைத்தடியால் மண்ணைக் குத்தி, பையிலிருந்து ஒரு தேக்கு விதையைப் போட்டு மூடிக்கொண்டே போவாராம். 1933-ல் இறந்தார். அவர் விருப்பப்படி இந்தக் காட்டுக்குள்ளேயே புதைத்திருக்கிறார்கள். கல்லறையில் லத்தீனில் ஒரு வரி: என் நினைவுச் சின்னத்தைத் தேடுகிறாயானால், சுற்றிப் பார்.

அப்பாவுக்கு இந்த வரி ரொம்பப் பிடிக்கும். யாரோ ஓர் அதிகாரி பொருள் சொன்னதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அடுத்த நாள் பக்கத்தில் வேறொன்றும் எழுதியிருக்கிறார்: "நண்பரிடம் கல்லறை வாசகம் சொன்னேன். தேக்கு வைக்கும் முன் இங்கே என்ன மரம் இருந்தது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை."

இன்று அந்தக் கேள்வியோடுதான் நடந்தேன். தேக்குத் தோட்டத்துக்குள் வரிசை வரிசையாக ஒரே மரம், இந்த மாதத்தில் இலையெல்லாம் கொட்டி வெயில் அப்படியே தரையில் விழுகிறது. பறவைச் சத்தம் குறைவு. அங்கிருந்து கரியன் சோலை ஓரத்துக்கு வந்தோம். சட்டென்று இருட்டு, ஈரம், தலைக்கு மேல் கருமந்தியின் உறுமல், ஓடையோரம் சீகாரப் பூங்குருவியின் விசில். வுட் செய்த நல்லதை நான் குறைத்துச் சொல்லவில்லை. மொட்டை மலையைவிடத் தேக்குமலை எவ்வளவோ மேல். ஆனாலும் அப்பாவின் நண்பர் கேட்ட கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அந்த "நண்பர்" ஏழு நோட்டிலும் வருகிறார். பெயரே இல்லை. நண்பர் தேன் கொடுத்தார். நண்பருக்குக் காய்ச்சல், மாத்திரை கொடுத்தேன். நண்பர் காற்றைப் பார்க்கச் சொன்னார். இந்தக் காற்று விஷயத்தை அப்பா எங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரலிடுக்கில் உதிர்த்துப் பார்க்க வேண்டும். யானை இருக்கும் பக்கம் தூசி பறந்தால் நம் வாடை அதற்குப் போய்விட்டது என்று அர்த்தம், சத்தமில்லாமல் பின்வாங்க வேண்டும். அப்பாவே கண்டுபிடித்த வித்தை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

நண்பர் யார் என்று எங்களுக்குத் தெரியும். பரம்பிக்குளத்தில் இருக்கும் காடர் மாமா, அந்தக் காட்டின் பழங்குடி. தீபாவளிக்கு முந்தின நாள் தேன் பாட்டிலோடு பொள்ளாச்சி வீட்டுக்கு வருவார். திண்ணையில் உட்கார்ந்து அப்பாவும் அவரும் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். இரண்டு பேரும் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் இருப்பார்கள். அம்மாவுக்கு அது வேடிக்கை. அப்பா இறந்தபோது அவருக்குச் சொல்லி அனுப்பத் தவறிவிட்டோம். அங்கே அப்போது போனில் பிடிக்க முடியவில்லை, நேரில் போய்ச் சொல்ல எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. காரியம் எல்லாம் முடிந்து இருபது நாள் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வருடமாக என் நெஞ்சில் உறுத்துகிற விஷயம் இதுதான். இந்தப் பயணமே அவரைப் பார்க்கத்தான் என்று இப்போது சொல்லிவிடுகிறேன்.

நான்காம் நாள், பரம்பிக்குளம்

பரம்பிக்குளம் கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் சாலையில் போக வேண்டுமானால் தமிழ்நாட்டு வழியாகத்தான் போக முடியும். அணை கேரள மண்ணில், அதைப் பார்த்துக்கொள்வது தமிழ்நாடு; அப்பா காலத்தில் பொதுப்பணித் துறை, இப்போது நீர்வளத் துறை. காலைப் பேருந்தைப் பிடித்தோம். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு நடைதான். ஆனப்பாடியில் கேரளத்துச் சோதனைச் சாவடி.

துணக்கடவு அணை வந்ததும் இறங்கிவிட்டோம். பரம்பிக்குளம் அணைத் தண்ணீர் சுரங்கம் வழியாக இங்கே வந்து, இங்கிருந்து சர்க்கார்பதி மின்நிலையத்துக்குப் போய், அதற்கப்புறம்தான் சமவெளிக்கு இறங்குகிறது. அப்பா அதிக காலம் இருந்தது இங்கேதான். அவர் இருந்த குவார்ட்டர்ஸ் இப்போது பூட்டிக் கிடக்கிறது. நாங்கள் கோடை விடுமுறையில் வந்து தங்கிய அதே அறை. ராத்திரி கதவுக்கு வெளியே காட்டுமாடு மூச்சு விடும் சத்தம் கேட்டு தம்பி அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். இன்று அதே வாசல்படியில் உட்கார்ந்து அவன் அழுதான். எனக்கு நினைவு தெரிந்து அப்பா சாவில்கூட அவன் அழவில்லை.

"எனக்கு அவர் மேல கோபம் இருந்துச்சுக்கா" என்றான் கொஞ்ச நேரம் கழித்து. "ஸ்கூல்ல எல்லாத்தோட அப்பாவும் வருவாங்க. நம்ம அப்பா மட்டும் தண்ணியப் பாத்துட்டு இருப்பாரு."

எனக்கும் அந்தக் கோபம் இருந்ததுதான். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரே தண்ணீரில் செத்துப்போன மரங்கள் நின்றுகொண்டிருந்தன, அணை கட்டியபோது மூழ்கியவை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு நீர்க்காகம்.

கன்னிமாரா தேக்கையும் போய்ப் பார்த்தோம். ஐந்து பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். வெட்டப் போனபோது ரத்தம் வந்தது என்று அந்த மரத்தை வணங்குகிறார்கள். வுட் காலத்துக்கு வெகு முன்பே நின்றிருந்த மரம்.

சாயங்காலம் காடர் குடியிருப்புக்குப் போனோம். மாமா வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுபது தாண்டிவிட்டது. ஒரு கண்ணில் புரை, இன்னொன்றிலும் பார்வை மங்கல். எங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் தலையைத் திருப்பி, "பாப்பாவா?" என்றார். அப்பா மாதிரியே இடது காலை இழுத்து நடக்கிறேனாம். எனக்கே தெரியாது.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வரும் வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "சொல்லாம விட்டுட்டோம் மாமா" என்று மட்டும் சொன்னேன்.

"எனக்குத் தெரிஞ்சிருச்சு" என்றார். "தீபாவளிக்கு முன்ன ஆள் மேல வருவாரே, நான் தேன் எடுக்கிற நாளைக் கேக்க. அந்த வருசம் வரல. அப்பவே உடம்பு சரியில்லைன்னு தெரிஞ்சிருச்சு."

ஓய்வுபெற்ற பிறகும் அப்பா வருடா வருடம் மேலே போய் வந்திருக்கிறார். எங்களிடம் பென்ஷன் வேலை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஐந்தாம் நாள், பரம்பிக்குளம்

காலை ஆறரைக்கு மாமாவும், வனத்துறையில் வாட்சராக இருக்கும் அவர் மகனும் எங்களைக் கூட்டிக்கொண்டு நடந்தார்கள். குடியிருப்பிலிருந்து அதிக தூரமில்லை. மாமா தன் மகன் தோளில் ஒரு கை வைத்துக்கொண்டு வந்தார், ஆனால் வழி சொன்னது அவர்தான். ஓரிடத்தில் நின்றார். குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து உதிர்த்தார். நானும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"மேல பாருங்க. பொந்து தெரியுதா?"

பெரிய மரம், அறுபது எழுபது அடி உயரத்தில் ஒரு பொந்து. வாயை மண் பூசி அடைத்த மாதிரி இருந்தது, நடுவில் ஒரு கோடு மட்டும் திறப்பு. இருவாச்சிக் கூடு. தை, மாசியில் பெண் பறவை உள்ளே போய்த் தன் எச்சத்தாலேயே வாசலை அடைத்துக்கொள்ளும். இறகை உதிர்த்துவிட்டு முட்டையிட்டு அடைகாக்கும். வெளியே இருக்கிற ஆண் கொண்டுவருகிற பழம்தான் அதற்கு உயிர். ஆண் வராமல் போனால் உள்ளே இருப்பவை பட்டினி. மாதக்கணக்கில் இப்படி. அடுத்த வருடமும் அதே பொந்துக்கே வரும்.

மாமாவுக்குத்தான் முதலில் கேட்டது. "வருது" என்றார். எங்களுக்குக் கேட்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நீராவி ரயில் மூச்சு விடுவது போலச் சிறகுச் சத்தம். மஞ்சள் அலகு, தலை மேல் கொம்பு, கறுப்பு வெள்ளைச் சிறகு. பொந்தின் ஓரம் தொற்றிக்கொண்டு, தொண்டையிலிருந்து ஓர் அத்திப்பழத்தை மேலே கொண்டுவந்து அலகு நுனியில் பிடித்து அந்தக் கோட்டுக்குள் நீட்டியது. உள்ளிருந்து இன்னோர் அலகு வாங்கிக்கொண்டது. அப்புறம் இன்னொரு பழம். அப்புறம் இன்னொன்று. தம்பி எண்ணிக்கொண்டிருந்தான். பதினேழு. பறவை போன பிறகும் அவன் பைனாகுலரை இறக்கவில்லை.

திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் மாமா சொன்ன விஷயத்தை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். எழுதலாமா என்று கேட்டேன், எழுது என்றார்.

"அப்ப எனக்குச் சின்ன வயசு. வீட்ல ஒண்ணும் கெடையாது. இந்த மாதிரிப் பொந்துல மூங்கில் முளை அடிச்சு ஏறிக் குஞ்சு எடுப்போம். கறிக்குத்தான். எங்க அப்பனும் எடுத்தான், நானும் எடுத்தேன். ஒருநாள் பாதி மரத்துல இருக்கேன், கீழ ஒரு காக்கிச் சட்டை நிக்குது. வனத்துறைன்னு நெனச்சேன். உள்ள போடுவாங்க. இறங்கி வந்து நின்னேன். அந்த ஆளு சத்தம் போடல. உள்ள என்ன இருக்கு, எனக்கும் காட்டுறியான்னு கேட்டாரு. நானும் அவரும் பாறைக்குப் பின்னால உக்காந்தோம். ஆண் வந்துச்சு. பழம் குடுத்துச்சு. சாயந்தரம் வரை ஏழு தடவை வந்துச்சு. ஏறி எடுக்கிறப்ப அதையெல்லாம் யாரு பாத்தா? அன்னைக்குத்தான் பாத்தேன். போறப்ப அவரு தூக்குச்சட்டிச் சோத்த எனக்குக் குடுத்துட்டுப் போனாரு. அதுக்கப்புறம் நான் ஏறல."

இன்று அவர் மகனுக்கு அந்தப் பொந்தைக் காவல் காப்பது வேலை.

நான் நோட்டுகளைப் புரட்டினேன். முதல் நோட்டில், மாசி மாதப் பக்கம் ஒன்றில் இருந்தது. சத்தமாகப் படித்தேன்.

"48 அடி. இருவாச்சிக் கூடு. ஆண் ஏழு முறை வந்தது. நண்பர் காட்டினார்."

மாமா நிமிர்ந்தார். "என்ன போட்டிருக்கு?"

"நண்பர் காட்டினார்னு எழுதியிருக்காரு மாமா."

"அன்னைக்கா? அன்னைக்கே அப்படியா எழுதியிருக்கு?"

"ஆமா."

"அன்னைக்கு அவரு பேருகூட நான் கேக்கல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எந்த எடத்துல இருக்கு?" என்று கேட்டார். அவர் ஆட்காட்டி விரலைப் பிடித்து அந்தச் சொல்லின் மேல் வைத்தேன். விரலை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

பைனாகுலரை அவருக்குக் கொடுப்பதற்காகத்தான் கொண்டுபோயிருந்தேன். வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுத் தம்பி கையில் கொடுத்துவிட்டார். "இதை வச்சு நீ பாரு. எனக்கு அந்த நோட்டு போதும். பேரன் எட்டாவது படிக்கிறான், படிச்சுக் காட்டுவான்."

மதியப் பேருந்து வந்துவிட்டது. ஆனப்பாடி சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். மீதி ஆறு நோட்டும் மேலேயே இருந்தன. ஒன்றைப் பிரித்துப் பார்த்த காவலர், "இதென்ன எல்லாம் அடிக்கணக்கு?" என்று கேட்டார்.

"எங்கப்பா எழுதினதுங்க" என்றான் தம்பி. அவர் இரண்டு பக்கம் படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.